கொடுவா காலடியில்தான் நிற்கும்

காரைக்குடியில் கடை வைத்துக்கொண்டு கடல்மீன் பிடிப்பதைப் பற்றி எழுதுகிறானே, இவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. செட்டிநாட்டில் கடல் கிடையாது. ஊருணி உண்டு, கண்மாய் உண்டு, கோடையில் கண்மாய் வற்றும்போது ஊத்தாவையும் வலையையும் தூக்கிக்கொண்டு ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழா உண்டு. ஆனால் தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டி வந்துவிடுகிறது, பைக்கில் ஒன்றரை மணி நேரம்தான். சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு தூண்டிலோடு இறங்கிவிடலாம்.

கடைக்கு வருகிறவர்களும் சொந்தக்காரப் பையன்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, படகு இல்லாம, கரையில நின்னே கொடுவா பிடிக்க முடியுமா?" முடியும். இன்னும் சொல்லப்போனால் கொடுவாவுக்குப் படகைவிடக் கரைதான் தோது என்பது என் கட்சி. அதை விளக்கத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுவாவுக்கு ஆழ்கடலில் பெரிதாக வேலை இல்லை. அது கழிமுகத்து மீன். உப்புத் தண்ணீரில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போதே உப்பங்கழிக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி, நல்ல தண்ணீரிலும் கூச்சமில்லாமல் வளர்ந்து, பிறகு இனம் பெருக்க மறுபடியும் முகத்துவாரத்துக்கு இறங்கி வரும். நம் ஊர்க் கொடுவாவைத்தான் ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று கொண்டாடுகிறார்கள், மலேசியாவில் சியாக்காப் என்று ஆவியில் வேக வைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் மலேசியாச் சொந்தம் இல்லாத தெரு குறைவு என்பதால், விடுமுறைக்கு வருகிறவர்கள் சந்தையில் இதைப் பார்த்தவுடன் முதலில் சொல்வது அந்தப் பெயரைத்தான். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பண்ணைக் கொடுவாவும் சந்தைக்கு வருகிறது. நான் பேசுவது அதைப் பற்றி இல்லை, கழியில் தானாக வளர்ந்ததைப் பற்றி.

இந்த மீனின் உடம்பைப் பார்த்தாலே அதன் பிழைப்பு தெரிந்துவிடும். வாய் பெரிது, கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், வால் அகலமாக வட்டமாக இருக்கும், முதுகு தலைக்குப் பின்னால் கூன் போட்டதுபோல் உயரும். நெடுந்தூரம் துரத்திப் போய் வேட்டையாடும் மீனுக்கு இப்படி உடம்பு இருக்காது. துரத்துவதெல்லாம் பாறை மீனும் சீலாவும் செய்கிற வேலை. கொடுவா ஒரு கல், ஒரு தூண், சரிந்து கிடக்கும் மரம், வாய்க்காலின் ஓர மடிப்பு என்று ஏதாவது ஒன்றின் நிழலில், நீரோட்டத்துக்கு முகம் காட்டி நின்றுகொண்டு, தண்ணீர் கொண்டுவந்து தருவதை வாயைத் திறந்து இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், ராத்திரியில் தெளிவாகக் கேட்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் அப்புறம் வீட்டில் தூங்கும்போதும் காதில் விழும்.

எனவே கொடுவா எங்கே நிற்கும் என்ற கேள்வியை இரை எங்கே நிற்கும் என்று மாற்றிக் கேட்க வேண்டும். மடவைக் குஞ்சும் இறாலும் பெரிய மீனுக்குப் பயந்து கரையை ஒட்டி, முழங்கால் தண்ணீரில், சில இடங்களில் கணுக்கால் தண்ணீரில் கூட ஒதுங்கி நிற்கின்றன. கொடுவா அவற்றுக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது. இது தெரியாமல்தான் பத்தடி ராடு, பெரிய ரீல், மூன்று அவுன்ஸ் ஈயம் என்று வாங்கிக்கொண்டு வந்து, வாய்க்கால் கரையில் நின்று மீனின் தலைக்கு மேலாக நடுக்கடலுக்கு எறிகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது என்றால் சேறும் கடற்புல்லும் பேத்தையும்தான். பேத்தை இரையைச் சுற்றி வந்து கொறித்துவிட்டு தூண்டில் நரம்பையும் கடித்துவிட்டுப் போகும்.

தொண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், வலைத்தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு இப்போது வெறும் கைத்தூண்டில் மட்டும் போடுகிறார். ராடு இல்லை, ரீல் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய தடித்த தங்கூசி நரம்பு, ஒரு தூண்டில் முள், உயிரோடு ஒரு மடவைக் குஞ்சு, ஈயம்கூடப் பெரும்பாலும் இருக்காது. கரையிலிருந்து பதினைந்து அடிக்கு மேல் அவர் எறிந்து நான் பார்த்ததில்லை. மதுரையிலிருந்து வந்த பையன்கள் சிலர் ஒரு முறை அவர் பக்கத்தில் நின்று தூரத் தூர எறிந்துகொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மடவை எங்க நிக்கிது பாருங்க தம்பி. அது நிக்கிற எடத்துலதான அதத் திங்கிறதும் நிக்கும். நீங்க எறியிற எடத்துக்கு அது எதுக்குப் போவுது?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். விடியும்போது அவருடைய சாக்குப்பையில்தான் மீன் இருந்தது.

யூடியூபில் இங்கிலாந்து, அயர்லாந்துக்காரர்கள் கரையில் நின்று பாஸ் என்ற மீனைப் பிடிக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, நம் பையன்கள் பலர் அதைப் பார்த்துத்தான் சாமான் வாங்குகிறார்கள். அது வேறு மீன், கொடுவாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். குளிர்ந்த தண்ணீர், பாறைக்கரை, பெரிய அலை, ஏற்ற வற்றத்தில் பல மீட்டர் வித்தியாசம் என்று அந்த ஊர்க் கணக்கே தனி. ஆனால் கவனித்துப் பாருங்கள், அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் அலை உடைந்து நுரைக்கும் ஆழமில்லாத இடத்தில்தான் தேடுகிறார்கள். நம் ஆட்கள் ராட்டின் நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, நம் கடலுக்கு வருவோம். தொண்டி, மீமிசல், தேவிபட்டினம் எல்லாம் பாக் விரிகுடாக் கரை. சென்னை மெரினா மாதிரி அலை வந்து அடிக்கும் கரை இல்லை. பல இடங்களில் அரை கிலோமீட்டர் நடந்து போனாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது, அடி முழுக்கச் சேறும் கடற்புல்லும். ஏற்ற வற்றமும் குறைவு, ஒரு மீட்டருக்குள்தான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், இந்தப் பக்கம் குளம்போல் கிடக்கும். ஐப்பசியில் வாடை பிடித்துவிட்டால் இது தலைகீழாகும். இப்படிப்பட்ட கரையில் எங்கு வேண்டுமானாலும் நின்று தூண்டில் போடலாம் என்று நினைத்தால் விடிய விடியக் கெழுது மட்டும்தான் வரும். நிற்க வேண்டியது தண்ணீர் ஓடுகிற இடத்தில்: ஆற்று முகத்துவாரம், உப்பங்கழி கடலோடு சேரும் வாய், கிழக்குக் கடற்கரைச் சாலையின் சின்னப் பாலங்களுக்குக் கீழே ஓடி வரும் ஓடைகள் கடலைத் தொடும் முனை, படகு கட்டும் பழைய துறைப் பாலத்தின் கால்கள்.

இதில் ஆறு என்றவுடன் காவிரியை நினைத்துவிட வேண்டாம். நம் பக்கத்து ஆறுகள் வருடத்தில் பாதி நாள் மணலாகக் கிடப்பவை. கோட்டக்கரையாறு, பாம்பாறு, மணமேல்குடிப் பக்கம் தெற்கு வெள்ளாறு, ஆற்றங்கரை கிராமத்தில் வைகையின் கடைசித் துளி, எல்லாம் மழை பெய்தால்தான் ஆறு. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை விழுந்து நம் பக்கத்துக் கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிறைந்து, கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய், அதற்கடுத்த கண்மாய் என்று இறங்கிக் கடைசியில் மிச்சத் தண்ணீர் கடலைத் தொடும். அந்த நாட்கள்தான் கொடுவாவுக்குத் திருவிழா. புதுத் தண்ணீர் இறால் குஞ்சையும் சின்ன மீனையும் அள்ளிக்கொண்டு வருகிறது, மணல் மூடியிருந்த முகத்துவாரம் வாய் திறக்கிறது, கொடுவா அந்த வாயிலேயே வந்து நின்றுகொள்கிறது. தேவகோட்டைப் பக்கம் கண்மாய் மறுகால் போகிறது என்று யாராவது சொன்னால், மற்றவர்கள் விவசாயத்தை நினைத்துச் சந்தோஷப்படுவார்கள், நான் எந்த முள்ளைக் கட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். ஒரு எச்சரிக்கை மட்டும், வெள்ளம் காபித்தண்ணிபோல் கலங்கலாக, குப்பையும் செத்தையும் இழுத்துக்கொண்டு ஓடும் முதல் நாளில் போய்ப் பிரயோஜனம் இல்லை. வேகம் தணிந்து, கலங்கல் கொஞ்சம் தெளிந்து, கலங்கல் தண்ணீரும் கடல் தண்ணீரும் உரசும் கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியும் பாருங்கள், அந்தக் கோட்டின் மேல் போட வேண்டும்.

மழை இல்லாத மாதங்களில் நேரத்தை நிலாதான் முடிவு செய்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் பலமாக இருக்கும், அஷ்டமி நவமிப் பக்கம் தண்ணீர் சோம்பிக் கிடக்கும். கடல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஏறி, ஆறு மணி நேரம் வற்றுகிறது, மறுநாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வருகிறது. எனக்குப் பிடித்தது கடல் வற்றத் தொடங்கிய பிறகு வரும் இரண்டு மணி நேரம். கழிக்குள் ஏறியிருந்த தண்ணீர் திரும்பும்போது, அலையாத்திச் செடிகளின் வேருக்குள் ஒளிந்திருந்த குஞ்சுமீன்களுக்கெல்லாம் வேறு வழியில்லாமல் வாய்க்காலுக்கு வந்தாக வேண்டும். இந்த இரண்டு மணி நேரம் பொழுது சாயும் நேரத்திலோ விடியற்காலையிலோ அமைந்தால் அதைவிட நல்ல நாள் கிடையாது. பாக் விரிகுடாவில் ஏற்ற வற்றம் குறைவு என்பதால் காற்றும் கணக்கைக் கலைக்கும், ஆகையால் போனில் பார்க்கும் நேரத்தோடு கரையில் குத்தி வைத்த ஒரு குச்சியையும் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சி பொய் சொல்லாது.

கரைக்குப் போனவுடன் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பாதி மீன் போய்விடுகிறது. வண்டி லைட்டைத் தண்ணீர் மேல் அடிப்பது, நெற்றி டார்ச்சை அணைக்காமல் பேசிக்கொண்டே விளிம்பு வரை நடந்து போய் நிற்பது, வாளியைத் தொம்மென்று வைப்பது, இதற்கெல்லாம் காலடியில் நின்ற கொடுவா போயே போய்விடும். விளிம்புக்கு ஐந்தாறு அடி முன்னாலேயே நின்றுகொள்ளுங்கள். முதல் எறி நேராகப் போகக் கூடாது, கரைக்கு இணையாக, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அதன் பிறகு வாய்க்காலின் ஓரச் சரிவு, அதற்கும் பிறகுதான் எதிர்க்கரை. டார்ச்சை ஒரு நொடி தண்ணீர் மேல் காட்டினால் சில நேரம் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மின்னும், அது கொடுவாவின் கண். பார்த்த சந்தோஷத்தில் இன்னொரு தடவை அடிக்காதீர்கள்.

சாமான் பற்றி ரொம்பக் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழிலிருந்து எட்டடிக்குள் நடுத்தர பலமுள்ள ராடு, 4000 அளவு ரீல், 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நரம்பு. ஷிமானோ, டைவாதான் வேண்டும் என்று இல்லை, டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி, மென்மையாக வழுக்கிக் கொடுக்கிற எதுவும் சரி. டிராக்கை நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்க வேண்டாம். காசைச் செலவழிப்பதென்றால் ராடில் செய்யாமல் லீடரிலும் (முள்ளுக்கு மேலே கட்டும் தடித்த நரம்பு) முள்ளிலும் செய்யுங்கள்.

லீடர் ஏன் முக்கியம் என்றால், கொடுவாவின் பல் பெரிதாகத் தெரியாது, ஆனால் வாய் முழுக்க உப்புத்தாள்போல் சொரசொரப்பு. அது தலையை ஆட்டும்போதெல்லாம் நரம்பு தேய்கிறது. அதைவிட மோசம் செவுள் மூடி, அதன் விளிம்பு பிளேடு. மீன் திரும்பும்போது நரம்பு அதில் பட்டால் பிரெய்டு அறுந்த சுவடே தெரியாது. ஆகவே 40 அல்லது 50 பவுண்டு லீடர், ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசிச் சாணை விரலால் தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். இதில் சோம்பல்பட்டுப் பெரிய மீனை விட்டவர்கள் கதையைத் தொண்டி டீக்கடையில் உட்கார்ந்தால் விடிய விடியக் கேட்கலாம்.

இரை என்றால் உயிர் மடவைக்கு நிகர் எதுவும் இல்லை. வீச்சுவலை வீசத் தெரிந்தால் கரையிலேயே விரல் நீளக் குஞ்சு பிடித்துக்கொள்ளலாம், தெரியாவிட்டால் வீசுகிறவர்களிடம் கேட்டால் கொடுப்பார்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுக்குழாய் ஒன்றை வாளியில் போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றினால் ராத்திரி முழுக்கத் துடிப்பாக இருக்கும். முள்ளை மேலுதட்டில் குத்தினால் நீரோட்டத்தில் இயல்பாக நீந்தும், நீரோட்டம் இல்லாத இடத்தில் முதுகுத் துடுப்புக்குப் பின்னால் மேலோட்டமாகக் குத்தலாம். இறால் என்றால் தலைக் கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கறுப்புப் பொட்டைத் தொடாமல். தொட்டால் அந்த நிமிடமே செத்துவிடும். முள் வட்ட முள்ளாக இருந்தால் நல்லது, மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும். ஆனால் வட்ட முள்ளுக்கு வெடுக்கென்று இழுக்கக் கூடாது, நரம்பு ஓட ஆரம்பித்ததும் மெதுவாக இறுக்கிக்கொண்டு சுற்றினால் தானே திரும்பி ஏறும். கையில் ராடு வந்தவுடன் நம் ஆட்களுக்கு வெடுக்கென்று இழுக்காமல் இருக்கவே முடிவதில்லை, அது வேறு விஷயம்.

லூர் என்கிற செயற்கை இரை போடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று, மெதுவாக. நாலைந்து அங்குல ரப்பர் மீன், வால் ஆடுகிற ரகம், அதை இரண்டு சுற்று சுற்றி நிறுத்துங்கள், விழ விடுங்கள், மறுபடி இரண்டு சுற்று. அடி விழுவது பெரும்பாலும் நிறுத்திய நேரத்தில்தான். இருட்டில் பளபளப்பைவிடக் கறுப்பும் கரும்பழுப்பும் நன்றாக வேலை செய்கின்றன, கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும்.

மாட்டிய பிறகு கொடுவா முதலில் செய்வது தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறுவது. ராடு முனையைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், மேலே தூக்கிப் பிடித்தால் அது உதறும் வசதியை நீங்களே செய்து கொடுக்கிறீர்கள். அடுத்து அது புறப்பட்ட இடத்துக்கே, அதாவது தூணுக்கோ வேருக்கோ திரும்ப ஓடும். அந்த முதல் பத்து நொடிதான் எல்லாம். அங்கே விட்டுக்கொடுத்தால் பிறகு எவ்வளவு விலையுள்ள ரீல் இருந்தும் பயன் இல்லை. கரைக்கு வந்ததும் செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்குவதைக் கெத்து என்று நினைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது, தையல் போட்ட விரல்களைப் பார்த்திருக்கிறேன். வாய்க்கவ்வி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேற்றுத் தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் அடியோடு இழுத்து இழுத்து நடங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். மிதித்தால் வாலில் இருக்கும் முள் இறங்கும். அப்படி நடந்துவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைப்பது வலியைக் குறைக்கும், ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போகும் வரைக்கும்தான், ஆஸ்பத்திரிக்குப் பதிலாக இல்லை. கெழுது மாட்டினால் கையால் பிடிக்காமல் இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள், அந்த மீனின் முட்களும் விஷம். ஐப்பசி மழையில் இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள், கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், சுற்றி மரமே இல்லாத வெட்டவெளியில் எட்டடிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒரே ஆள் நீங்கள்தான்.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் பெரிய மரியாதை கிடையாது. ஆத்தாவுக்குக் கண்மாய் மீன்தான் மீன். விராலையும் அயிரையையும் சொல்லும்போது முகம் மலரும், கடல்மீன் என்றால் "கவுச்சி" என்று மூக்கைச் சுளிக்கும். கொடுவாவுக்கு மட்டும் ஒரு சலுகை, பாதிக் காலம் கழியிலும் நல்ல தண்ணீரிலும் கிடக்கிற மீன் என்று நான் சொல்லிச் சொல்லி, சரி அதுவும் ஒரு வகையில் கண்மாய் மீன்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. குழம்பு வைப்பதில் ஆத்தாவோடு எனக்குச் சண்டை. மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சோம்பு, முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம், பூண்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்து, வீட்டு மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டுச் சுண்ட வைத்தால் எந்த மீனும் ருசிக்கும், கொடுவாவின் ருசி மட்டும் தெரியாது. என் கணக்கில் தலையும் வால் துண்டும் குழம்புக்கு, நடுத்துண்டு உப்பு, மிளகு, மஞ்சள் மட்டும் தடவித் தோசைக்கல்லில். தோல் முறுகி, உள்ளே சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். ஆத்தா அதைப் "பத்தியச் சாப்பாடு" என்கிறது. இதற்கு நடுவில் என் வீட்டுக்காரி இரண்டையும் செய்துவிடுகிறாள், ஆகவே சண்டைக்கு முடிவு வருவதில்லை. எப்படிச் செய்தாலும் பிடித்த உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து ஐஸில் வைத்துவிட வேண்டும். திருவாடானைச் சாலையில் ஒன்றரை மணி நேரம் சாக்குப்பையில் கொண்டுவந்த கொடுவாவுக்கும் ஐஸில் வந்ததற்கும் இருக்கும் வித்தியாசத்தைக் குருடனும் சொல்வான்.

எந்த அளவு மீனை எடுப்பது, எதை விடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கொடுவா முதலில் ஆணாகத்தான் வளர்கிறது. சுமார் 80 சென்டிமீட்டரைத் தாண்டும் கட்டத்தில் பெண்ணாக மாறுகிறது. அதாவது போட்டோவுக்கு அழகாக இருக்கும் அந்தப் பத்துக் கிலோ மீன் ஒவ்வொன்றும் அநேகமாகத் தாய்மீன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் உள்ளதை எடுக்கக் கூடாது என்று விதி, இங்கிலாந்தில் அவர்களுடைய பாஸுக்கு 42 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். நானும் என்னோடு வரும் நண்பர்களும் வைத்திருப்பது இதைவிட எளிது: கை முட்டியிலிருந்து விரல் நுனி வரைக்கும் இல்லாதது தண்ணீருக்கு, ஒரு ஆள் தூக்கத் திணறுவதும் தண்ணீருக்கு, நடுவில் இருப்பதில் ஆளுக்கு ஒன்று வீட்டுக்கு. பெரிய மீனை விடுவதென்றால் தலையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்க விடாதீர்கள், வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துப் படுக்கையாகப் பிடித்து, நீரோட்டத்துக்கு முகம் வைத்து, அதுவாக வாலை அடிக்கும் வரை காத்திருங்கள். "அண்ணே, கிலோ என்ன விலை விக்கிது, இதப்போய் விடுறீங்களே" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை, அப்போது காரைக்குடிச் சந்தையில் கொடுவா கண்ணில் படுவதே அரிது, பட்டாலும் விலை கேட்டால் தலை சுற்றும். அதனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, எந்த இடம் என்று லொகேஷன் அனுப்பச் சொல்கிறவர்களுக்கு. அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் தேடுகிற விதத்தைச் சொல்கிறேன். கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தை வைத்துக்கொண்டு மீமிசலிலிருந்து தேவிபட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை விரலால் நகர்த்திக்கொண்டே வாருங்கள். சாலை ஒரு ஓடையைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அந்த ஓடை கடலைத் தொடும் வரை பின்தொடருங்கள். வெளிர் மணலுக்கு நடுவே கருநீலமாக ஒரு வளைவு தெரிந்தால் அங்கே ஆழம் இருக்கிறது. அது வளையும் வெளிப்பக்கம்தான் தண்ணீர் அறுத்து ஆழமாக்கிய பக்கம். குறித்து வைத்துக்கொண்டு பகலில், கடல் முழுதாக வற்றிய நேரத்தில், தூண்டில் இல்லாமல் ஒரு முறை நடந்து பாருங்கள், எங்கே கல் கிடக்கிறது, எங்கே சேறு முழங்கால் வரை இழுக்கிறது என்று தெரிந்துவிடும். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகில் கூட்டிப்போகிறார்கள், கழிக்குள் தண்ணீர் எப்படி ஏறி இறங்குகிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை, ஆனால் ராடை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அது பாதுகாக்கப்பட்ட காடு. தேவிபட்டினத்தில் நவபாஷாணக் கரைப் பக்கமும் வேண்டாம், பரிகாரம் செய்ய வருகிறவர்கள் தண்ணீரில் இறங்கும் இடத்தில் முள் கிடக்கக் கூடாது.

மற்ற கிராமங்களில் வண்டியை நிறுத்தியவுடன் முதலில் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் வாய்க்கால் வாயில் வலை கட்டியிருப்பார்கள், மிதவை தெரியாது. உங்கள் முள் அதில் மாட்டினால் அவர்களுடைய ஒரு நாள் பிழைப்பு போகிறது, உங்களுக்கும் அடுத்த வாரம் அந்தக் கரை இல்லை. கேட்டுவிட்டுப் போனால் வலை எங்கே இருக்கிறது என்பதோடு, நேற்று கொடுவா எங்கே அடித்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.